கணக்கு நோட்டும் கணக்குப் போடும் யந்திரமும்

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பரண் முழுவதையும் ஒழிக்க வேண்டியதாயிற்று. பித்தளை அண்டா, பழைய பஞ்சாங்கங்கள், எதற்கென்றே தெரியாத இரண்டு பூட்டுகள் இவற்றுக்கு அடியில் என்னுடைய நீள நோட்டு ஒன்று கிடைத்தது. அட்டை போய்விட்டது. உள்ளே 1983 முதல் 1991 வரை நான் ஆடிய செஸ் ஆட்டங்களும், ஆங்கிலப் பேப்பரிலிருந்து பார்த்து எழுதிக்கொண்ட பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டங்களும் நீல மையில் இருந்தன.

லீவுக்கு வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது என்ன பாஷை?" என்றான். எட்டாவது படிக்கிறான். செஸ் வகுப்புக்குப் போகிறான். ஆனாலும் அவனுக்கு ஒரு வரி புரியவில்லை.

அவன் மேல் தப்பில்லை. நான் எழுதியிருந்தது பழைய ஆங்கிலேயக் குறிப்பு முறை. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் 'பி-கே4' என்று எழுதுவோம். வெள்ளை தன் பக்கத்திலிருந்து எண்ணும், கறுப்பு தன் பக்கத்திலிருந்து எண்ணும். வெள்ளைக்கு நாலாவது கட்டம், கறுப்புக்கு ஐந்தாவது கட்டம். இப்போதைய முறையில் அதே நகர்த்தல் வெறும் 'இ4'. ஒரு கட்டத்துக்கு ஒரே பெயர், யார் ஆடினாலும். உலகச் சதுரங்க சம்மேளனமான ஃபிடே 1981-லேயே பழைய முறைக்கு அங்கீகாரத்தை நிறுத்திவிட்டது. அந்தச் செய்தி கெலமங்கலம் வரைக்கும் வந்து சேர வருஷங்கள் ஆயின. வந்த பிறகும் கை பழைய வழியிலேயே எழுதியது.

பேரனும் நானும் நாலு நாள் உட்கார்ந்து, பழைய பாஷையிலிருந்து புதிய பாஷைக்கு மாற்றி, அந்த ஆட்டங்களை அவனுடைய லேப்டாப்பில் ஏற்றினோம். அந்த நாலு நாளில் எனக்கு விளங்கிய ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. செஸ் கம்ப்யூட்டர் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வது ஒரு சாமான் அல்ல, இரண்டு. ஆட்டங்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ் ஒன்று. தானே ஆடும் இன்ஜின் மற்றொன்று. இரண்டும் பிறந்த வழி வேறு, செய்யும் வேலை வேறு. இன்றைக்கு ஒரே ஜன்னலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரிவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்கிறேன். ஸ்டோர்ஸில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பின் கார்டு தொங்கும். எப்போது வந்தது, யார் எடுத்துப் போனார்கள், மிச்சம் எத்தனை என்று அதில் இருக்கும். அது பொய் சொல்லாது, ஆனால் யோசனையும் சொல்லாது. "இந்த வேலைக்கு எந்த டிரில் பிட் சரி?" என்று கேட்டால் பின் கார்டு வாய் திறக்காது. அதற்கு டூல் ரூமுக்குப் போக வேண்டும். அங்கே ஃபோர்மேன் சொல்வார். ஆனால் போன வருஷம் யார் எத்தனை எடுத்தார்கள் என்று அவரிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். டேட்டாபேஸ் பின் கார்டு. இன்ஜின் ஃபோர்மேன்.

முதலில் பின் கார்டின் கதை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் உலகத்து ஆட்டக்காரர்களுக்கெல்லாம் பின் கார்டாக இருந்தது பெல்கிரேடிலிருந்து 1966 முதல் வந்த செஸ் இன்ஃபார்மேட்டர் என்ற புத்தகம். அதன் விசேஷம், உள்ளே வார்த்தையே கிடையாது. நல்ல நகர்த்தலுக்கு ஆச்சரியக்குறி, மோசமான நகர்த்தலுக்குக் கேள்விக்குறி, வெள்ளைக்குச் சாதகம், கறுப்புக்குச் சாதகம், எல்லாவற்றுக்கும் ஒரு அடையாளம். செர்பிய பாஷை தெரியாத மெட்ராஸ் பையனும் படிக்கலாம். ஆட்டத்தின் தொடக்கங்களை ஏ முதல் இ வரை ஐந்து எழுத்துகளாகவும், எழுத்துக்கு நூறு எண்களாகவும் மொத்தம் 500 அறைகளாகப் பிரித்து அடுக்கினார்கள். எங்கள் ஸ்டோர்ஸ் ரேக் நம்பர் மாதிரிதான். இன்றைய டேட்டாபேஸ்களும் அதே நம்பரைத்தான் பயன்படுத்துகின்றன.

நம் நாட்டின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவேல் ஆரோன், 1972-ல் மெட்ராஸ் சோவியத் கலாசார மையத்தில் மிகயீல் டால் பெயரில் ஒரு செஸ் கிளப் தொடங்கினார். ரஷ்யப் புத்தகங்களும் பத்திரிகைகளும் அங்கே கிடைத்தன. மயிலாடுதுறையில் 1969-ல் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த், அம்மாவிடம் ஆட்டம் கற்றுக்கொண்டு, அந்தக் கிளப்பில் மின்னல் வேகத்தில் ஆடி வளர்ந்த பையன். ஜெயித்தவர் நாற்காலியில் இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். 1987-ல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் உலக ஜூனியர் பட்டம். அடுத்த வருஷம் கோயம்புத்தூரில் ஆடிய போட்டியில் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். இந்த இரண்டு படியையும் அவர் ஏறியது புத்தகத்தாலும் மனித எதிராளிகளாலும்தான்.

அதே 1987-ல் ஜெர்மனியில் வேறொன்று நடந்தது. அங்கே மத்தியாஸ் வுல்லன்வெபர் என்ற பௌதிக மாணவர், அட்டாரி கம்ப்யூட்டரில் செஸ் ஆட்டங்களைச் சேர்த்து வைத்துத் தேடும் நிரல் ஒன்றை எழுதியிருந்தார். ஃபிரெடெரிக் ஃபிரீடல் என்ற பத்திரிகையாளரும் அவரும் சேர்ந்து அதை வெளியே கொண்டுவந்தார்கள். அதுதான் செஸ்பேஸ்.

அதற்கு முதல் விளம்பரம் செய்தவர் உலக சாம்பியன் கேரி காஸ்பரோவ். 1985 டிசம்பரில் ஹாம்பர்க் கிளப் அணியின் எட்டுப் பேரோடு ஒரே நேரத்தில் ஆடி, மூன்றரைக்கு நாலரை என்று தோற்றிருந்தார். 1987 தொடக்கத்தில் அதே அணியோடு மறுபடி ஆட வந்தார். இந்த முறை அந்த எட்டுப் பேரின் பழைய ஆட்டங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் வரவழைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். 7-1 என்று ஜெயித்தார். அந்தக் கம்ப்யூட்டருக்குச் செஸ் ஆடவே தெரியாது என்பதைக் கவனியுங்கள். ஒரு நகர்த்தல்கூட அது சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டு எதிராளிகளின் பின் கார்டுகளைப் படித்துக் காட்டியது, அவ்வளவுதான்.

டேட்டாபேஸ் செய்யும் வேலையைப் பேரன் எனக்குக் காட்டினான். ஒரு ஆட்டக்காரர் பெயரைத் தட்டினால் அவர் ஆட்டமெல்லாம் வரிசையாக வரும். பலகையில் ஒரு நிலையை வைத்தால், அதே நிலை இதுவரை யார் யார் ஆட்டத்தில் வந்திருக்கிறது என்று வரும். அங்கிருந்து எந்த நகர்த்தலை எத்தனை பேர் ஆடினார்கள், அதில் எத்தனை சதவீதம் ஜெயித்தது என்றும் ஒரு பட்டியல் தெரியும். செஸ்பேஸின் பெரிய தொகுப்பில் இப்போது ஒரு கோடிக்கு மேல் ஆட்டங்கள். காசு கொடுக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. 1993-ல் பி.ஜி.என். என்ற பொது எழுத்து முறை வந்து, எந்த நிரலும் எந்த நிரலின் ஆட்டத்தையும் படிக்க முடிந்தது. 1994 முதல் மார்க் க்ரௌதர் என்ற ஆங்கிலேயர் வாரா வாரம் உலகப் போட்டிகளின் ஆட்டங்களை இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டு வருகிறார்.

இனி ஃபோர்மேனின் கதை. இது பின் கார்டை விடப் பழையது.

கம்ப்யூட்டரே சரியாகப் பிறக்காத காலத்தில் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை செஸ் ஆட ஒரு நிரல் எழுதினார். ஓட்டிப் பார்க்க யந்திரம் இல்லை. அதனால் 1952-ல் தாமே யந்திரமாகி, காகிதத்தில் கணக்குப் போட்டுப் போட்டு ஆடினார். ஒரு நகர்த்தலுக்குச் சுமார் அரை மணி நேரம். 29 நகர்த்தல்களில் யந்திரம் தோற்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1950-ல், அமெரிக்காவின் கிளாட் ஷானன், கம்ப்யூட்டர் எப்படிச் செஸ் ஆடலாம் என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். செஸ்ஸில் மொத்தம் எத்தனை விதமான ஆட்டம் இருக்கும் என்பதற்கு அவர் போட்ட உத்தேசக் கணக்கு, 1-க்குப் பின்னால் 120 சைபர்.

நம்ப முடியாவிட்டால் சின்னக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்த்தல், பதிலுக்குக் கறுப்புக்கு 20. ஆளுக்கு ஒரு தடவை ஆடினால் 400 வழி. ஆளுக்கு இரண்டு தடவை ஆடினால் 1,97,281 வழி. ஆகவே இன்ஜின் எல்லா வழியையும் நடந்து பார்ப்பதில்லை. ஒரு வழியில் ராணி போகிறது என்று தெரிந்ததும் அந்தக் கிளையை வெட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவும். கிளையின் நுனியில் நிற்கும் நிலைக்கு ஒரு மதிப்பு போடும். கணக்கு சிப்பாயில் இருக்கும். பிளஸ் 1 என்றால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் அளவு சாதகம். மைனஸ் 3 என்றால் கறுப்புக்கு ஒரு குதிரை அளவு சாதகம்.

1991-ல் அதே செஸ்பேஸ் கம்பெனி, நெதர்லாந்துக்காரரான ஃபிரான்ஸ் மார்ஷ் எழுதிய ஃபிரிட்ஸ் என்ற ஆடும் நிரலையும் விற்க ஆரம்பித்தது. பின் கார்டும் ஃபோர்மேனும் ஒரே கடைக்கு வந்தது அப்போதுதான். நம் ஆட்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளத் தொடங்கியதும் அப்போதிருந்துதான் என்று நினைக்கிறேன். 1994 மே மாதம் மியூனிக்கில் நடந்த ஐந்து நிமிட ஆட்டப் போட்டியில் ஃபிரிட்ஸ் காஸ்பரோவையே ஒரு ஆட்டத்தில் வென்று, முதலிடத்தை அவரோடு பகிர்ந்துகொண்டது. பிறகு நடந்த தீர்மான ஆட்டங்களில் காஸ்பரோவ் ஜெயித்தார்.

1997 மே மாதம் நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஐ.பி.எம்.மின் டீப் ப்ளூ நியூயார்க்கில் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று தோற்கடித்தது. எங்கள் ஃபாக்டரி கேன்டீனில் அன்று இரண்டு கட்சி. மனிதன் முடிந்தான் என்றது ஒரு கட்சி. யந்திரத்தைச் செய்தவனும் மனிதன்தானே என்றது மற்றொன்று. வினாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் யந்திரம் என்று பேப்பரில் போட்டிருந்ததால் நாங்களும் அந்த வேகத்தைப் பற்றியே பேசினோம்.

பின்னாளில் படித்துத்தான் ஒன்று தெரிந்தது. காஸ்பரோவ் 19 நகர்த்தல்களில் கைவிட்ட அந்தக் கடைசி ஆட்டத்தில், டீப் ப்ளூ ஒரு குதிரையைப் பலி கொடுத்தது. ஆட்டத்தைத் தீர்மானித்தது அந்தப் பலி. அதை யந்திரம் அந்த நேரத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. கிராண்ட்மாஸ்டர்கள் தயாரித்து அதற்குள் ஏற்றியிருந்த தொடக்க நகர்த்தல் தொகுப்பில் அது எழுதப்பட்டிருந்தது. அதாவது உலகமே ஃபோர்மேனைப் பார்த்துக் கைதட்டிய நேரத்தில் வேலை செய்தது பின் கார்டு.

இரண்டும் ஒன்றாகிவிடுகிற இடமும் உண்டு. பலகையில் சில காய்களே மிஞ்சும்போது, இருக்கக்கூடிய அத்தனை நிலைகளுக்கும் முடிவை முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதி வைத்துவிடலாம். இதில் முன்னோடி அமெரிக்காவின் கென் தாம்ஸன். இரண்டு பிஷப்புகள் ஒற்றைக் குதிரையை வெல்ல முடியாது, சரியான தற்காப்பு இருந்தால் டிராதான் என்று நூறு வருஷத்துக்கு மேலாகப் புத்தகங்கள் சொல்லிவந்தன. 1983-ல் யந்திரம் எழுதிய பட்டியல், அதிகபட்சம் 66 நகர்த்தல்களில் ஜெயிக்கலாம் என்று காட்டியது. 2012-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஏழு காய்கள் வரைக்கும் இப்படி எழுதி முடித்தார்கள். இடம் பிடித்தது 140 டெராபைட். அந்தப் பட்டியலில் யோசனைக்கு வேலையில்லை. கேள்வி கேட்டால் பதில் வரும், தப்பே வராது. ஆனால் ஏன் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

இந்த இரண்டு கருவிகளையும் கையில் வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படி ஜெயித்தார்கள், எப்படித் தோற்றார்கள் என்று பார்த்தால்தான் அவற்றின் எல்லை தெரிகிறது. அதற்கு ஆனந்தின் இரண்டு போட்டிகளே போதும்.

2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் ஆனந்தும் விளாதிமிர் கிராம்னிக்கும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். ஆனந்த் வெள்ளையில் ஆடினால் பெரும்பாலும் ராஜா முன்னால் இருக்கும் சிப்பாயைத்தான் முதலில் தள்ளுவார். இருபது வருஷ டேட்டாபேஸ் அதைத்தான் சொல்லும். பானில் அவர் ராணி முன்னால் இருக்கும் சிப்பாயைத் தள்ளினார். போதாக்குறைக்கு மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கறுப்புக் காய்களோடு, தயார் செய்து கொண்டுவந்த ஒரே தொடக்கத்தை வைத்து இரண்டு முறை வென்றார். ஆறரைக்கு நாலரை. ஒரு மனிதன் நேற்று வரை என்ன செய்தான் என்று பின் கார்டு சொல்லும். நாளைக்கு அவன் மனம் மாறுவான் என்பது அதில் இருக்காது.

2010-ல் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் டொபாலோவுடன் போட்டி. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோய், ஆனந்த் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியே போய்ச் சேர்ந்தார். டொபாலோவ் பக்கம் மிகப் பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் இன்ஜின் பலம் இருந்தது. ஆனந்த் பக்கமும் தயாரிப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் முதல் ஆட்டத்திலேயே, வீட்டில் தயார் செய்து வைத்திருந்த வரிசையை ஆனந்த் ஞாபகப் பிசகாக மாற்றி ஆடிவிட்டார். தோல்வி. கணக்கு நோட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பலகைக்கு முன்னால் நோட்டைக் கொண்டுபோக முடியாதே, தலையை மட்டும்தானே கொண்டுபோக முடியும்! மறுநாளே சமன் செய்து, கடைசி ஆட்டத்தில் கறுப்பில் வென்று, பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டார். காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் ஆகியோர் தமக்கு உதவினார்கள் என்று பிறகு அவரே சொன்னார். நேற்றைய எதிராளிகள் உதவிக்கு வருவது எந்த மென்பொருளிலும் இல்லாத வசதி.

பிறகு இன்ஜின்களின் வளர்ச்சிக்கு எல்லையே இல்லாமல் போயிற்று. ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச இன்ஜின் 2008-ல் வந்தது. 2017 டிசம்பரில் கூகுளைச் சேர்ந்த டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாஸீரோ என்ற ஒன்றை அறிவித்தது. அதற்கு விதிகளை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். மனிதர் ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்டு, ஸ்டாக்ஃபிஷோடு ஆடிய 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, ஒரு தோல்வியும் இல்லை. மனிதர்களில் மிக உயர்ந்த தரப் புள்ளி கார்ல்சன் 2014-ல் தொட்ட 2882. இன்ஜின்களின் தனிப் பட்டியலில் இப்போது 3600-க்கு மேல். நம் ஊர்ப் பையன் சட்டைப் பையில் இருக்கும் போன், 1997-ல் காஸ்பரோவை வென்ற யந்திரத்தை விட நன்றாக ஆடும்.

அப்படியானால் பிள்ளைகளை முதல் நாளே இன்ஜின் முன்னால் உட்கார வைத்துவிடலாமா? இதற்கு நம் சென்னைப் பிள்ளை ஒருவரின் கதை பதிலாக இருக்கிறது. குகேஷுக்குப் பயிற்சி கொடுத்த கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, பையன் கிராண்ட்மாஸ்டர் தரத்தை எட்டும் வரை அவரை இன்ஜின் பக்கமே விடவில்லை. இருவரும் பேட்டிகளில் சொல்லியிருக்கும் விஷயம்தான். எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டரில் பதில் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பிள்ளை தானே கணக்குப் போட்டுப் பழகியது. 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதம் 17 நாளில் கிராண்ட்மாஸ்டர். 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்றார்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். டிங் லிரெனுடன் பதினாலாவது, கடைசி ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆனாலும் டிராவில்தான் முடியும் என்று எங்கள் போனில் இன்ஜின் காட்டியது. "டிராதான் தாத்தா" என்று பேரன் போனில் சொன்னான். குகேஷ் எழுந்து போகாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் டிங் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார். யானையும் பிஷப்பும் வெட்டுப்பட்டு, வெறும் சிப்பாய்கள் மிஞ்சி, பதினெட்டு வயதில் குகேஷ் உலக சாம்பியன். டிங் களைத்துப் போயிருக்கிறார் என்பது இன்ஜினுக்குத் தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது என் நோட்டுக்கு வருகிறேன்.

அதில் 1986-ம் வருஷத்து ஆட்டம் ஒன்று. எதிராளி ரயில்வேயில் வேலை பார்த்த என் நண்பர். அப்போது நம் லைன் மீட்டர் கேஜ். அவருக்கு டியூட்டி முடிந்து, எனக்கும் ஷிஃப்ட் முடிந்த சாயங்காலங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பலகை விரிப்போம். அவர் வீட்டில் தெலுங்கு, என் வீட்டில் தமிழ், செக் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. அந்த ஆட்டத்தில் நான் என் பிஷப்பை அவருடைய ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாய் மேல் பலி கொடுத்தேன். குதிரை வந்து செக். அவர் ராஜா மூலைப் பக்கம் திரும்பினார். ராணி இறங்கியது, ஆட்டம் முடிந்தது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக, என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே அழகான காரியம் அது என்று மனசுக்குள் வைத்திருந்தேன்.

பேரன் முதலில் டேட்டாபேஸில் தேடினான். அந்த மாதிரிப் பலி ஆயிரக்கணக்கில் வந்தது. எல்லாவற்றுக்கும் மூத்ததாக, 1620-களில் கிரெகோ என்ற இத்தாலியர் எழுதி வைத்த ஆட்டம். நானூறு வருஷ வரிசையில் கடைசியில் நான் நிற்கிறேன் என்று தெரிந்தபோது கொஞ்சம் கூச்சமும் நிறையப் பெருமையும் வந்தது.

பிறகு இன்ஜினைத் தட்டினான். ஒரு வினாடிகூட ஆகவில்லை. என் பிஷப் பலிக்குப் பக்கத்தில் மைனஸ் 3.8. "ராஜா பின்னால போகாம முன்னால ஏறி வந்திருந்தா நீங்க தோத்திருப்பீங்க தாத்தா" என்றான். நகர்த்திக் காட்டினான். உண்மைதான். குழந்தைக்கு என்ன தெரியும், சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ராத்திரி படுத்தபடி யோசித்தேன். இன்ஜின் சொன்னது சரி. ஆனால் அது ஆட்டத்தைப் பார்த்ததே தவிர, திண்ணையைப் பார்க்கவில்லை. என் நண்பர் ஒரு தடவைகூட ராஜாவை முன்னால் ஏற்றி ஆடியதில்லை. பயந்த ஆட்டக்காரர். அது தெரிந்துதான் நான் பலி கொடுத்தேனா, தெரியாமல் கொடுத்தேனா என்று இப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை. கேட்டுப் பார்க்க அவரும் இல்லை. ரிட்டயர் ஆன மறு வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை பேரன் ஆட்டத்தைச் சேமிக்கும்போது ஒரு படிவம் மாதிரி வந்தது. வெள்ளை யார், கறுப்பு யார், எந்த ஊர், எந்த வருஷம். என் பெயரை அடித்தான். நண்பர் பெயரை அடித்தான். ஊர் என்ற இடத்தில் கெலமங்கலம் என்று அடித்தான். இன்ஜினுக்கு இந்த நாலு கேள்வியும் வேண்டியதே இல்லை. பலகையை மட்டும் காட்டினால் போதும் அதற்கு. டேட்டாபேஸுக்குப் பெயர் வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் முழுசாகப் புரிந்துகொண்டது அந்த இடத்தில்தான்.

நண்பருடைய ராஜா திரும்பிய நகர்த்தலுக்குப் பக்கத்தில் பேரன் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். "அது வேண்டாம்பா, எடுத்துடு" என்றேன். "அப்ப உங்க பிஷப்புக்குப் பக்கத்துல இருக்கிறதையும் எடுக்கணுமே தாத்தா" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். கணக்கில் பொய் எழுதக் கூடாது என்பது ஸ்டோர்ஸ்காரனுக்கு முதல் பாடம். இரண்டும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் ஒரே ஆட்டத்தில் தப்புச் செய்தோம், இரண்டு பேருக்கும் அன்று சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு மட்டும் இன்ஃபார்மேட்டரில் அடையாளம் இல்லை.

பேரனுக்கு ஒரு வழக்கம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் முதலில் தன் கையால் எழுத வேண்டும், எங்கே என்ன நினைத்தேன் என்று. அடுத்து டேட்டாபேஸைத் திறந்து பெரியவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். கடைசியாகத்தான் இன்ஜின். வரிசை மாறினால் முதல் இரண்டுக்கும் வேலையே இருக்காது. பதில் தெரிந்த பிறகு யார் கணக்குப் போடுவார்கள்?

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது இப்படி ஒரு நோட்டு இருந்தால், செஸ் நோட்டாக இருக்க வேண்டும் என்றில்லை, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னால் பேரப்பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்து ஒரு முறை படித்துக் காட்டுங்கள். அந்தப் பாஷை தெரிந்தவர்கள் நாம் கொஞ்சம் பேர்தான் மிச்சம்.

மற்றவை அடுத்த பதிவில்.